பத்து இரவில் ஏழு பூங்கா வேண்டாம்: ஆப்பிரிக்க சஃபாரி பற்றி ஒரு நீண்ட பதில்

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். நீங்கள், உங்கள் மனைவி, அறுபதைத் தாண்டிய அப்பா, அம்மா என நான்கு பேர். பிப்ரவரியில் பன்னிரண்டு நாள் விடுப்பு. எல்லோரும் சைவம். ஏஜென்ட் கொடுத்த திட்டத்தில் கென்யாவின் அம்போசெலி, நக்குரு, மசாய் மாரா. தான்சானியாவின் மன்யாரா, இங்கோரோங்கோரோ, செரெங்கெட்டி. கடைசியாகத் தென்னாப்பிரிக்காவின் குரூகர். மூன்று நாடு, ஏழு பூங்கா. "வாழ்க்கையில் ஒரு தடவைதான் போகப் போகிறோம், எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று ஆசை. இந்தத் திட்டம் சரிதானா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சரியில்லை. ஒரே தடவைதான் போகப் போகிறீர்கள் என்பதாலேயே இதை அழுத்திச் சொல்கிறேன். ஒரு நாட்டைத் தேர்ந்தெடுங்கள், அதில் அக்கம்பக்கமாக இருக்கும் மூன்று நான்கு காடுகளைத் தேர்ந்தெடுங்கள், பூங்காக்களின் எண்ணிக்கையைக் குறைத்து ஒவ்வொன்றிலும் இரவுகளைக் கூட்டுங்கள். உங்கள் மாதத்துக்கும் உங்கள் குடும்பத்துக்கும் வடக்கு தான்சானியாதான் பொருத்தம் என்பது என் கருத்து. காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் அந்தத் திட்டத்தில் இருக்கும் சிக்கல். வரைபடத்தில் பார்த்தால் மசாய் மாராவும் செரெங்கெட்டியும் ஒட்டிக்கொண்டு இருக்கும். உண்மையில் இரண்டும் ஒரே சமவெளிதான், நடுவில் இரண்டு நாட்டின் எல்லைக்கோடு ஓடுகிறது. விலங்குகள் அதைத் தாண்டிப் போய் வருகின்றன. ஆனால் பூங்காவுக்குள்ளேயே எல்லையைக் கடக்கும் அந்த நேர்வழி சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்திருக்கவில்லை. மேற்கே இசெபானியா வரை சுற்றிப் போய், குடியேற்றச் சோதனை முடித்து, பெரும்பாலும் வண்டியும் கைடும் மாறி, மறுபடி உள்ளே வர வேண்டும். ஒரு பகல் முழுதும் அதிலேயே போய்விடும். குரூகருக்கு இன்னொரு விமானம், அதற்கு இரண்டு நாள். உங்கள் பன்னிரண்டு நாளில் காட்டுக்குள் இருக்கும் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள், பாதிகூடத் தேறாது.

இரண்டாவது சிக்கல் பருவம். பிப்ரவரியில் குரூகரில் மழைக்காலம். புல் உயர்ந்து, புதர் அடர்ந்து, விலங்கு பத்தடி தள்ளி நின்றாலும் தெரியாது. மசாய் மாராவில் அந்த மாதத்தில் வில்டபீஸ்ட் என்ற மாடு போன்ற பெரிய மான்களின் பெரும் மந்தைகள் இருக்காது, அவை தெற்கே இருநூறு கிலோமீட்டர் தள்ளி தான்சானியாவில் குட்டி போட்டுக்கொண்டிருக்கும். குரூகர் அருமையான காடு, 19,000 சதுர கிலோமீட்டருக்கு மேல், தார்ச் சாலை, சொந்தமாக வாடகைக் காரை ஓட்டிக்கொண்டே சுற்றலாம். ஜூலை, ஆகஸ்டில் போகிறவருக்கு நானே அதைப் பரிந்துரைப்பேன். பிப்ரவரியில் போகிறவருக்கு மாட்டேன்.

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் மூன்று முறை போயிருக்கிறேன். முதல் முறை ஏழு நாளில் ஐந்து பூங்கா, பலரோடு பகிர்ந்துகொண்ட வண்டி. தினமும் காலை ஆறு மணிக்குப் பெட்டியைக் கட்டி ஏறுவோம். விலங்குகள் சுறுசுறுப்பாக இருப்பது விடிந்த முதல் மூன்று மணி நேரமும் மாலைக் கடைசி இரண்டு மணி நேரமும்தான். அந்த நேரமெல்லாம் நாங்கள் அடுத்த ஊருக்குப் போகும் சாலையில் இருந்தோம். காட்டுக்குள் போய்ச் சேரும்போது உச்சி வெயில், சிங்கம் புதருக்கடியில் தூங்கிக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் பார்த்தேன் என்று பட்டியல் போட முடிந்தது. ஆனால் எந்த விலங்கு என்ன செய்கிறது என்று நான் நின்று பார்க்கவில்லை.

மூன்றாவது முறை ஒரு செப்டம்பரில் வடக்கு தான்சானியாவின் தரங்கிரே பூங்காவில் மூன்று இரவு தங்கினேன். ஆற்றில் தண்ணீர் வற்றி மணல் தெரிந்த இடத்தில் ஒரு யானைக் கூட்டம் வந்து நின்றது. மூத்த பெண் யானை முன்காலால் மணலைக் கிளறி, தும்பிக்கையால் அள்ளி ஒதுக்கி, மெதுவாக ஒரு குழி தோண்டியது. ஊற்று ஊறும் வரை காத்திருந்து குடித்தது. அதன் பிறகு சின்னது ஒன்று தும்பிக்கையை உள்ளே விட்டுப் பார்த்தது, எட்டவில்லை. குழியின் விளிம்பில் முட்டி போட்டுக் குனிந்து குடித்தது. இரண்டு மணி நேரம் வண்டியை அணைத்துவிட்டு அங்கேயே இருந்தோம். அந்தக் கூட்டம் போனதும் பபூன் குரங்குகள் வந்தன, பிறகு வரிக்குதிரைகள். யானை தோண்டிய கிணற்றில் ஊரே தண்ணீர் குடித்தது. ஏழு பூங்காத் திட்டத்தில் இந்த இரண்டு மணி நேரத்துக்கு இடமே இருக்காது.

சரி, என் திட்டம். கிளிமஞ்சாரோ விமான நிலையத்தில் இறங்கி அருஷாவில் ஓர் இரவு ஓய்வு. தரங்கிரேயில் இரண்டு இரவு. இங்கோரோங்கோரோவுக்காக அடிவார ஊரான கராட்டுவில் இரண்டு இரவு. செரெங்கெட்டியின் தெற்கு ஓரத்தில் இருக்கும் இண்டூட்டுவில் மூன்று இரவு. செரெங்கெட்டியின் நடுப்பகுதியான செரோனெராவில் இரண்டு இரவு. மொத்தம் பத்து. செரோனெராவிலிருந்து அருஷாவுக்குச் சிறிய விமானத்தில் திரும்பிவிடுங்கள். சாலையில் வந்தால் ஏழெட்டு மணி நேரம், அதில் பாதிக்கு மேல் குலுக்கும் மண் சாலை. உங்கள் அம்மாவின் முதுகுக்கு அந்த விமானச் செலவு தகும். அந்தச் சின்ன விமானத்தில் ஒருவருக்கு 15 கிலோதான், அதுவும் மடங்கும் துணிப் பையாக இருக்க வேண்டும். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

தரங்கிரே அருஷாவிலிருந்து 120 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. அதைத் தொடக்கத்தில் வைக்கக் காரணம் அந்த நிலம். உள்ளே நுழைந்ததுமே பெருக்க மரங்கள் நிற்கும். மன்னாரிலும் இராமநாதபுரம் பக்கத்திலும் தனித்தனியாக நிற்கும் அதே மரம்தான், பப்பரப்புளி என்றும் பொந்தன்புளி என்றும் சொல்வார்கள். நம் பக்கத்துக்கு அது கடல் கடந்து வந்தது, அங்கே அதன் பிறந்த மண்ணில் மலைச்சரிவு முழுக்க நிற்கிறது. அடிமரத்தில் யானை தந்தத்தால் கிழித்த வடுக்கள் இருக்கும். வறட்சியில் ஈரத்துக்காக மரத்தையே கிழித்து மெல்லும். உங்கள் அப்பாவிடம் யானைகளின் தந்தத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். நம் முதுமலையில் ஆண் யானைக்குத்தான் தந்தம், அங்கே பெண்ணுக்கும் உண்டு. ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும்: தரங்கிரேயின் உச்சம் ஜூலை முதல் அக்டோபர் வரை. பிப்ரவரியில் எங்கும் பச்சையும் தண்ணீரும் இருப்பதால் யானைகள் பரந்து போயிருக்கும். ஆனாலும் நல்ல எண்ணிக்கையில் பார்ப்பீர்கள். அதனால்தான் மூன்று இரவு சொல்லாமல் இரண்டோடு நிறுத்தினேன்.

இங்கே செட்சே ஈ உண்டு. சுருக்கென்று கடிக்கும், துணிக்கு மேலாகவே கடிக்கும். நீலமும் கறுப்பும் அதற்குப் பிடித்த நிறம். மரத்துக்கு மரம் நீல, கறுப்புத் துணி தொங்குவதைப் பார்ப்பீர்கள், அது அந்த ஈக்களுக்கு வைத்த பொறி. ஆகவே ஜீன்ஸ் வேண்டாம். காக்கி, பழுப்பு, மங்கிய பச்சை என எடுத்துக்கொள்ளுங்கள். ராணுவ உடுப்புப் போன்ற பல வண்ணத் திட்டு போட்ட துணியும் அங்கே கூடாது.

மன்யாரா வழியில்தான் இருக்கிறது. ஏரி, பூநாரைகள், ஊற்றுநீரில் வளர்ந்த அடர் காடு, மரத்தில் ஏறிப் படுக்கும் சிங்கங்கள் என்று பெயர் பெற்றது. அரை நாள் கிடைத்தால் போங்கள், இல்லையென்றால் வருத்தப்பட வேண்டாம். அதைவிட, வாசலில் இருக்கும் ம்டோ வா ம்பூ என்ற ஊரில் ஒரு மணி நேரம் நடங்கள். "கொசு ஆறு" என்று பொருள். நெல் வயலும் செவ்வாழைத் தோட்டமுமாக இருக்கும் ஊர், உங்கள் அம்மா அங்கே நின்று பேச விரும்புவார்.

இங்கோரோங்கோரோ பெரிய எரிமலை ஒன்று இருபது லட்சம் ஆண்டுகளுக்கு முன் தன்மேலேயே இடிந்து அமர்ந்ததால் உண்டான குழி. அடித்தளம் சுமார் 260 சதுர கிலோமீட்டர், சுவர் 600 மீட்டர் உயரம், எங்கும் உடையாத வளையம். விளிம்பில் நின்று கீழே பார்க்கும்போது எறும்பு ஊர்வதுபோல ஏதோ தெரியும். தொலைநோக்கியை எடுத்தால் அது எருமைக் கூட்டமாக இருக்கும். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெரிய விலங்குகள் அந்தத் தட்டுக்குள் வாழ்கின்றன. ஒட்டகச்சிவிங்கி மட்டும் கிடையாது. சுவர் செங்குத்து, உள்ளே அதற்கு மேய மரமும் குறைவு. கறுப்புக் காண்டாமிருகம் பார்க்க நல்ல வாய்ப்பு உள்ள இடம் இது. 1960களில் நூறுக்கு மேல் இருந்தவை கொம்புத் திருட்டில் விரல் விட்டு எண்ணும் அளவுக்குப் போய், கடுங்காவலில் மெல்ல மீண்டு வருகின்றன. பார்த்தால் பெரும்பாலும் தூரத்தில் ஒரு கரும்பாறை மாதிரிதான் தெரியும். அதற்கே வண்டியில் எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பார்கள்.

காலை ஆறு மணிக்கு வாசல் திறக்கும்போதே இறங்கிவிடுங்கள். பத்து மணிக்குப் பிறகு வண்டிக் கூட்டம் அதிகம். மதியச் சாப்பாட்டை நீர்யானைக் குளத்தருகே வெளியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டாம், பருந்து பாய்ந்து கையிலிருக்கும் சப்பாத்தியைக் கொண்டுபோகும், நகம் கீறிவிடும். வண்டிக்குள்ளேயே சாப்பிடுங்கள். இந்தக் குழியில் கழுதைப்புலிகளை அவசரமில்லாமல் பாருங்கள். சிங்கம் மிச்சம் வைத்ததைத் தின்னும் விலங்கு என்று நாம் நினைத்திருக்கிறோம். 1960களில் ஹான்ஸ் குரூக் என்ற ஆய்வாளர் இரவு இரவாக இங்கே பின்தொடர்ந்து பார்த்து, கழுதைப்புலிகளே கூட்டாக வேட்டையாடுகின்றன, பல நேரம் சிங்கம்தான் அவற்றிடமிருந்து பறித்துத் தின்கிறது என்று காட்டினார். விடியற்காலையில் போனால் வாய் சிவந்த கழுதைப்புலியும் வயிறு நிறைந்த சிங்கமும் அடுத்தடுத்து இருக்கும். யார் கொன்றது என்று கைடிடம் கேளுங்கள், நல்ல கைடு தடம் பார்த்துச் சொல்வார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக முடியவில்லை. வழியில் சிவப்புப் போர்வை போர்த்திய மசாய் மக்கள் மாடு ஓட்டிப் போவதைப் பார்ப்பீர்கள். செரெங்கெட்டி என்ற பெயரே அவர்கள் மொழியில் விரிந்து கிடக்கும் நிலம் என்ற பொருளில் வந்தது. 1959இல் செரெங்கெட்டியைவிட்டு அவர்களை வெளியேற்றியபோது, இங்கோரோங்கோரோவில் நீங்கள் வாழலாம் என்று சொல்லித்தான் இந்தப் பகுதியைத் தனியாகப் பிரித்தார்கள். இப்போது அங்கிருந்தும் போகச் சொல்கிறார்கள். 2022 முதல் பல குடும்பங்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி ம்சொமெரா என்ற ஊருக்கு மாற்றப்பட்டிருக்கின்றன. விரும்பிப் போகிறார்கள் என்கிறது அரசு. பள்ளியும் மருத்துவமும் குறைக்கப்பட்டு நெருக்கப்படுகிறோம் என்கிறார்கள் எதிர்ப்பவர்கள். நாம் பார்க்கப் போகும் "மனிதர் இல்லாத காடு" அப்படியே பிறந்ததல்ல, மனிதரை நகர்த்தி உண்டாக்கியது. அவர்கள் குடியிருப்பைப் பார்க்கப் போனால் பேசிய பணத்தை அவர்கள் கையிலேயே கொடுங்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள். மாடு பற்றிக் கேளுங்கள். மாடு பற்றிக் கேட்கும் விருந்தாளியிடம் அவர்கள் முகமே மாறும்.

குழியிலிருந்து செரெங்கெட்டிக்கு இறங்கும் வழியில் ஓல்டுபாய் பள்ளத்தாக்கு இருக்கிறது. 1959இல் மேரி லீக்கி என்ற ஆய்வாளர், மனிதனுக்கு உறவான ஆதி இனம் ஒன்றின் பதினேழு லட்சம் ஆண்டுக்கும் மேல் பழமையான மண்டையோட்டை எடுத்த இடம். அருகே லயட்டோலியில், 36 லட்சம் ஆண்டுக்கு முன் எரிமலைச் சாம்பலில் இரண்டு காலில் நடந்து போனவர்களின் காலடித் தடம் கிடைத்தது. அதன் அச்சு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

இப்போது இண்டூட்டு. உங்கள் பயணத்தின் உயிர் இங்கேதான், அதனால் மூன்று இரவு. பதின்மூன்று லட்சம் அளவில் வில்டபீஸ்ட், இரண்டு லட்சத்துக்கு மேல் வரிக்குதிரை, கூடவே மான்கள். இவை ஆண்டு முழுக்க ஒரு பெரும் வட்டத்தில் நடக்கின்றன. டிசம்பரிலிருந்து மார்ச் வரை இந்தத் தெற்குச் சமவெளியில். ஏப்ரல், மே மழையில் வடமேற்காக நகரும். ஜூனில் க்ருமெட்டி ஆற்றுப் பக்கம். ஜூலையிலிருந்து அக்டோபர் வரை வடக்கே மாரா ஆற்றங்கரை. நவம்பர் மழை விழுந்ததும் திரும்பத் தெற்கு.

ஏன் இப்படி நடக்கின்றன? பக்கத்து எரிமலைகள் கக்கிய சாம்பல்தான் தெற்குச் சமவெளியின் மண். கால்சியமும் பாஸ்பரசும் நிறைந்த குட்டைப் புல் அங்கே முளைக்கிறது. பாலூட்டும் தாய்க்கு அதைவிட நல்ல தீனி கிடையாது. ஆனால் அந்தச் சாம்பல் மண்ணுக்கடியில் சிமென்ட் மாதிரி ஒரு கெட்டித் தட்டு இருக்கிறது. மர வேர் அதைத் துளைத்து இறங்காது, அதனால் கண்ணுக்கெட்டிய வரை மரமே இல்லை. மழை நின்றால் தண்ணீரும் நிற்காது. ஆகவே மழை இருக்கும் வரை தெற்கே சத்தான புல், மழை போனதும் வற்றாத மாரா ஆற்றைத் தேடி வடக்கே. மரமில்லாத வெளி இன்னொன்றுக்கும் உதவுகிறது: தாய்க்கு எதிரி தூரத்திலேயே தெரிந்துவிடும்.

பிப்ரவரியில் இரண்டு மூன்று வாரத்துக்குள் லட்சக்கணக்கான குட்டிகள் பிறக்கின்றன. எல்லாம் ஒரே நேரத்தில் பிறப்பதால், சிங்கமும் கழுதைப்புலியும் எவ்வளவு தின்றாலும் பெரும்பாலானவை தப்பித்துவிடும். நான் பார்த்த ஒரு பிரசவம்: தாய் படுத்தது, எழுந்தது, குட்டி பாதி வெளியே தொங்கியபடியே நான்கு அடி நடந்தது, திரும்பப் படுத்தது. குட்டி விழுந்து, கால் பின்னி, மூக்கு தரையில் முட்டி, மறுபடி எழுந்து, சில நிமிடங்களில் நின்றுவிட்டது. சிறிது நேரத்தில் தாயோடு ஓடியது. அருகே கறையான் புற்றின் மேல் ஒரு சிவிங்கிப்புலி உட்கார்ந்து அதே வெளியைப் பார்த்துக்கொண்டிருந்தது. எந்தப் பக்கம் மனம் போகும் என்று எனக்கே தெரியவில்லை. இண்டூட்டு செரெங்கெட்டி பூங்காவின் எல்லைக்குச் சற்று வெளியே, இங்கோரோங்கோரோ பாதுகாப்புப் பகுதியில் இருப்பதால், பருவத்தில் தடத்தைவிட்டு வண்டியை ஓட்ட விடுகிறார்கள். அதைத் தவறாகப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. வேட்டைக்குக் குறி வைத்திருக்கும் சிவிங்கிப்புலியைப் பத்து வண்டி சூழ்ந்தால் அது பசியோடு எழுந்து போய்விடும், அதன் குட்டிகளும் பட்டினி. "தள்ளியே நில்லுங்கள், போதும்" என்று உங்கள் கைடிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பயணி சொன்னால்தான் அவர் தைரியமாகத் தள்ளி நிற்க முடியும், இல்லையென்றால் கிட்டப் போகவில்லையே என்று பயணியே குறை சொல்வார் என்ற பயம் அவருக்கு.

மந்தைகள் மாரா ஆற்றைக் கடக்கும் காட்சியைப் பார்க்காமல் போகிறோமே என்ற குறை உங்களுக்கு வரலாம். மாரா ஆற்றில் ஆண்டுக்குச் சராசரியாக ஆறாயிரத்துக்கு மேற்பட்ட வில்டபீஸ்ட்கள் மூழ்கிச் சாகின்றன. முதலை தின்பது அதில் சிறு பங்குதான். மீதியைப் பாறு கழுகும் மீனும் தின்ன, எலும்புகள் ஆண்டுக்கணக்கில் கரைந்து ஆற்றுக்கே உரமாகின்றன. பெரிய காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் கரையில் நான்கு மணி நேரம் வெயிலில் காத்திருந்து, மந்தை திரும்பிப் போய்விடுவதும் நடக்கும். முதல் தடவை போகிறவருக்கு, அதுவும் பெற்றோரோடு, பிறப்பு நடக்கும் பிப்ரவரியையே நான் சொல்வேன்.

இன்னொன்று, இந்த மந்தைகள் எப்போதும் இவ்வளவு இருந்ததில்லை. நம் கிராமத்துப் பெரியவர்களுக்கு மாட்டு வெக்கை நோய் நினைவிருக்கும். அது 1880களின் கடைசியில் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து மசாய் மக்களின் மாடுகளையும் காட்டெருமைகளையும் வில்டபீஸ்ட்களையும் அழித்தது. மாடு போனதால் மனிதர்களும் பஞ்சத்தில் செத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஊர் மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டதும் காட்டிலும் நோய் நின்றது. 1960களின் தொடக்கத்தில் இரண்டரை லட்சம் அளவில் இருந்த வில்டபீஸ்ட், 1970களின் கடைசிக்குள் பதின்மூன்று லட்சமாயிற்று. அவ்வளவு வாய் புல்லை மேய்ந்ததால் காட்டுத் தீ குறைந்தது, தீ குறைந்ததால் மரக்கன்றுகள் தழைத்தன. 2011இல் அந்த நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவித்தார்கள். மாட்டுக்குப் போட்ட ஊசி ஒரு காட்டையே மாற்றிய கதை இது. அந்தச் சமவெளியில் நிற்கும்போது இது தெரிந்திருந்தால் பார்வையே வேறாக இருக்கும்.

செரோனெராவில் வேறு விதம். ஓடைக்கரை, பெரிய மரங்கள், புல்வெளியில் தீவு மாதிரி எழும் பாறைக் குன்றுகள். மரக்கிளையில் தொங்கும் வாலைத் தேடுங்கள், சிறுத்தை இருக்கும். செரெங்கெட்டி மட்டும் 14,763 சதுர கிலோமீட்டர், நீங்கள் பார்ப்பது ஒரு மூலைதான். இங்கே தடத்தைவிட்டு இறங்கக் கூடாது, இரவில் சுற்ற அனுமதி இல்லை. பறவைகளுக்காகவும் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். நம் பனங்காடையின் உறவுக்காரப் பறவை ஒன்று ஊதா மார்போடு கிளைக்குக் கிளை உட்கார்ந்திருக்கும். கானமயில் இனத்தின் பெரிய பறவை புல்லுக்குள் கம்பீரமாக நடக்கும். நம் நாட்டில் கானமயில் அழிவின் விளிம்பில் இருப்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கும்.

நடைமுறை விஷயங்களுக்கு வருகிறேன். வண்டி உங்கள் நால்வருக்கு மட்டும் தனியாக இருக்க வேண்டும், கூரை திறக்கும் லேண்ட் குரூசர், எல்லோருக்கும் ஜன்னலோர இருக்கை. இதை எழுத்தில் வாங்குங்கள். தங்குமிடத்தில் ஒரு படி குறைத்துக்கொண்டாவது அனுபவமுள்ள கைடைக் கேளுங்கள். பத்து நாளும் அவர் கண்ணால்தான் நீங்கள் காட்டைப் பார்க்கப் போகிறீர்கள். அவருக்கு வழக்கமான அன்பளிப்பு வண்டிக்கு நாளொன்றுக்கு 20 முதல் 30 டாலர். ஆளுக்கொரு தொலைநோக்கி, 8x42 அளவில், கொண்டுபோங்கள். ஒன்றை நால்வர் மாற்றிக்கொண்டிருந்தால் விலங்கு போய்விடும்.

செலவில் பெரும் பங்கு நுழைவுக் கட்டணம். செரெங்கெட்டியில் ஒருவருக்கு 24 மணி நேரத்துக்கு வரியோடு 80 டாலரைத் தாண்டும். இங்கோரோங்கோரோ குழிக்குள் இறங்க, ஆள் கட்டணம் போக வண்டிக்கு மட்டும் 300 டாலரை ஒட்டி வரும். உங்கள் நால்வருக்கு அந்த ஒரு நாள் 580 டாலர் அளவுக்கு ஆகும். கட்டணம் அவ்வப்போது மாறும், பதிவு செய்யும் நாளில் சரிபாருங்கள். யாராவது நம்ப முடியாத மலிவு விலை சொன்னால், இந்தக் கட்டணங்கள் சேர்ந்திருக்கின்றனவா என்று முதலில் கேளுங்கள்.

அப்புறம் உடல்நலம், இதில் அலட்சியம் வேண்டாம். அடிஸ் அபாபா அல்லது நைரோபி வழியாகப் போனால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேள்வி வரும், திரும்பி இந்தியாவில் இறங்கும்போதும் கேட்கலாம். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். ஆனால் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அந்த ஊசியில் பக்க விளைவு அபாயம் கூடுதல். அதனால் அப்பா, அம்மாவை முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள், அவர் சொல்வதை வைத்து விமானப் பாதையை முடிவு செய்யுங்கள். தோஹா வழியாகவும் கிளிமஞ்சாரோ போகலாம். டிக்கெட் வாங்கிய பிறகு இதை யோசிப்பவர்கள்தான் அதிகம், நீங்கள் முன்னால் யோசியுங்கள். மலேரியா மாத்திரையும் மருத்துவர் சொல்லும் கணக்கில், திரும்பி வந்த பிறகும் சொன்ன நாள் வரை விடாமல் சாப்பிட வேண்டும்.

சைவச் சாப்பாடு பிரச்சினை இல்லை. அங்கே தலைமுறைகளாக குஜராத்திகள் வாழ்கிறார்கள், சப்பாத்தி, சாய் எல்லாம் சுவாஹிலியிலேயே அதே பெயரில் இருக்கின்றன. பீன்ஸ் குழம்பு, வாழைக்காய், சோறு எங்கும் கிடைக்கும். சிக்கல் மதியப் பொட்டலத்தில்தான் வரும், முதல் நாள் இரவே சமையலறையில் "முட்டையும் வேண்டாம்" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஊறுகாயும் பருப்புப் பொடியும் எடுத்துப் போங்கள், ஆனால் பிளாஸ்டிக் கேரி பேக்கில் கட்டாதீர்கள், 2019 முதல் தான்சானியாவில் அது தடை. ட்ரோனும் பூங்காக்களில் கூடாது. கராட்டுவிலும் குழியின் விளிம்பிலும் இரவு குளிரும், ஆளுக்கொரு ஸ்வெட்டர் அவசியம்.

நான்கைந்து சுவாஹிலிச் சொற்கள் போதும். சிம்பா சிங்கம், டெம்போ யானை, ட்விகா ஒட்டகச்சிவிங்கி, சூயி சிறுத்தை. புண்டா மிலியா என்றால் கோடு போட்ட கழுதை, அதுதான் வரிக்குதிரை. வண்டியின் ரேடியோவில் கைடுகள் பேசிக்கொள்ளும்போது "சூயி" என்று காதில் விழுந்தால் கேமராவை எடுத்துக்கொள்ளலாம். போலே போலே என்றால் மெல்ல மெல்ல, வண்டி குலுக்கும்போது அம்மா சொல்லட்டும், உடனே வேகம் குறையும்.

பிப்ரவரியில் இண்டூட்டுப் பக்கம் கூடாரங்கள் குறைவு, கேட்பவர்கள் அதிகம். அதனால் மற்ற இடங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அந்த மூன்று இரவை மட்டும் இந்த வாரமே எழுதிக் கேட்டுவிடுங்கள். மற்ற தேதிகளை அதைச் சுற்றி அமைத்துக்கொள்ளலாம். ஏஜென்ட் திருத்தித் தரும் திட்டத்தை அனுப்புங்கள், ஒவ்வொரு நாளும் எத்தனை மணி நேரம் சாலையில் போகிறது என்று நானும் கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்.